மேலே மட்டும் தள்ளாதே

இப்போதைக்குக் கடக்க முடியாது என்று
வானொலியில் சொல்லிவிட்டார்கள்.
மகெல்லன் நீரிணை கழுத்து நெரிந்து ஒடுங்குமிடத்தில்
காற்று குறுக்கே படுத்திருக்கிறது.
புன்டா டெல்காடா கரையில் எழுபது லாரி:
கம்பளி, எரிவாயு,
உயிரோடு முனகும் ஆடுகள்.
அவற்றை ஃபெரியின் தளத்தில் அடுக்குவது என் வேலை.
இப்போது அடுக்க ஒன்றுமில்லை.
கையுறையைப் பல்லால் கழற்றிக்
கைபேசியை எடுக்கிறேன்.

நாலுக்கு நாலு, பதினாறு கட்டம்.
இரண்டும் இரண்டும் மோதினால் நான்கு.
நான்கும் நான்கும் எட்டு.
குழந்தைக் கணக்குதான்.
மூன்று குளிர்காலத்துத் தூக்கம்
இதற்குள்தான் எங்கோ கிடக்கிறது.

இயந்திர அறையிலிருந்து வருகிற எலிசியோ
மாத்தே குழலை உறிஞ்சியபடியே ஆடுவான்.
மேலே, வலது, கீழே, இடது,
கூழ் கிண்டுவதுபோல் ஒரே சுழற்று.
இருநூற்று ஐம்பத்தாறில் முட்டி நின்று
“எல்லாம் அதிர்ஷ்டம், நேலிடா” என்பான்.

அதிர்ஷ்டம் பாதி, எலிசியோ.
மீதிக்கு ஒரு மூலையைப் பிடி.
நான் பிடித்தது கீழ் இடது.
பெரியது அங்கே உட்காரட்டும்.
அதன் தோளையொட்டி அடுத்தது, அதற்கடுத்தது,
படி இறங்குவதுபோல்.
வரிசை தீர்ந்ததும் மேல்வரிசைக்குத் திரும்பு,
ஸ்வெட்டர் பின்னுகிறவள்
வரி முடிந்து ஊசியைத் திருப்புவதுபோல்.
இடது, கீழ், இடது, கீழ்.
வேறு வழியில்லையென்றால் வலது.
மேலே மட்டும் தள்ளாதே.

சொல்லிவிட்டேனே தவிர
எனக்கே இதில் ஒரு கூச்சம்.
பத்து வருஷமாகக்
கனத்தை நடுவில் நிறுத்திச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
இருபத்தெட்டு டன்னை மூலையில் விட்டால்
ஃபெரி சாயும், கேப்டன் கத்துவார்.
இங்கே மூலையில் விடாவிட்டால்தான்
எல்லாம் கவிழ்கிறது.
போன மாதம் ஓர் எரிவாயு டேங்கரை
என்னை அறியாமல் மூலைக்குக் கைகாட்டினேன்.
கண்ணாடியை இறக்கி அந்த ஓட்டுநர்
பார்த்த பார்வை!

இன்று மதியம்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு மூலையில்.
கீழ் இரண்டு வரிசையும் அடைத்துக்கொண்டு
ஒன்றோடொன்று சேர மறுத்தன.
இடது அசையவில்லை. வலது அசையவில்லை.
கீழே போக இடமேயில்லை.
மேலே தள்ளினேன்.
வேறென்ன செய்ய?
காலியான மூலையில் பொத்தென்று ஒரு இரண்டு.
கீழே இழுத்தேன்; அசையாமல்
பெரியதன் காலடியில் கிடந்தது,
செருப்புக்குள் புகுந்த கல்.

எலிசியோவாக இருந்தால் அழித்துவிட்டுப்
புது ஆட்டம் தொடங்கியிருப்பான்.
நான் காத்திருந்தேன்.
பெரியது நிற்கும் வரிசையை முதலில் நிரப்பினேன்,
அது எங்கும் நழுவாதபடிக்கு.
பிறகு அடிவரிசையின் வலக்கோடியில்
இரண்டு முப்பத்திரண்டுகள் சேர்ந்தமரும்வரை
மெல்ல, மெல்ல.
அப்புறம் வலதுக்கு ஒரே தள்ளு.
மூலை காலி.
புதியது எங்கே விழும்?
மூச்சை அடக்கினேன்.
தூரத்தில், மேல்வரிசையில் விழுந்தது.
உடனே கீழே.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீடு வந்தது.
அந்த இரண்டு மட்டும் இப்போது அதன் பக்கத்தில்,
பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நார்.
இருக்கட்டும்.

எட்டில் முடிகிற அந்தப் பெரிய எண்ணை
ஒரே ஒருமுறை எட்டியிருக்கிறேன்.
விடிகாலை மூன்று மணி.
சொல்ல விழித்திருந்தவர் யாருமில்லை.
தொடரவா என்று கேட்டது.
தொடர்ந்தேன்.
அதுதான் தவறு,
அல்லது அதுதான் ஆட்டம்.

கொடி சற்றே தொங்குகிறது.
வானொலி இருமுகிறது.
எழுபது இன்ஜினும் ஒன்றுக்குப்பின் ஒன்றாக விழிக்கின்றன.
கனம் நடுவில், கனம் நடுவில் என்று
முணுமுணுத்தபடி சாய்தளத்தில் இறங்குகிறேன்.
முதல் லாரி, ஆடுகள்.
எங்கே என்று தலையாட்டிக் கேட்கிறான் ஓட்டுநர்.
கையை உயர்த்துகிறேன்,
ஒரு நொடி தாமதித்து.